கேதெரே: ஒரு வினைச்சொல்லின் போக்கும் கழிவும்

விசைத்தறிகளின் சப்தம் இரவும் பகலும் ஓயாத குமாரபாளையத்தில், குறுகிய சந்து ஒன்றின் கோடியில் இன்னும் கைத்தறியை விடாமல் நெய்துவரும் முதியவர் ஒருவரின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, லத்தீன் பாஷையின் ஒரு வினைச்சொல்லைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால், வாசகர்கள் அதைப் பண்டிதப் பித்து என்று எண்ணக்கூடும். எண்ணினாலும் பாதகமில்லை. அகராதியைப் பல தடவை புரட்டியும் பிடிபடாதிருந்த அந்தச் சொல்லின் பொருள், அவருடைய தறியைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது.

அச்சொல் ‘கேதெரே’. ‘கேதோ’ என்றால் ‘விலகுகிறேன்’. ‘கெஸ்ஸீ’ என்றால் ‘விலகினேன்’. ‘நான்’ என்று தனியே சொல்லவேண்டாதபடி, வினைமுற்றின் விகுதியே இன்னார் என்று காட்டிவிடும் விஷயத்தில் லத்தீன் நம் தமிழுக்கு நெருங்கிய பாஷை. ஆனால் இந்த வினைக்கு அகராதிகள் கொடுக்கும் அர்த்தங்களை வரிசையாகப் படிக்கிறவனுக்குச் சற்றுத் தலை சுற்றும். செல்லுதல், நடத்தல், அகலுதல், பின்வாங்குதல், வழிவிடுதல், பணிதல், உடைமையைப் பிறனுக்கு ஒப்புக்கொடுத்தல், காலம் கழிதல், உயிர் நீத்தல் ஆகிய அத்தனையும் ஒரே தாதுவின் பிரயோகங்களாம். முன்னே செல்வதும் பின்னே வாங்குவதும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியிருக்க முடியும் என்பதுதான் என் சந்தேகமாக இருந்தது.

முதியவர் இடக்கையால் அச்சுப்பலகையைத் தம்மிடமிருந்து அப்பால் தள்ளுகிறார்; கால், மிதியை அமுக்குகிறது; பாவு நூல்கள் இரண்டு பாகமாகப் பிரிந்து, நடுவே ஒரு நீண்ட வாய் திறக்கிறது; வலக்கை கயிற்றைச் சுண்ட, நூல் சுற்றிய தாரை வயிற்றில் சுமந்த நாடா அந்த வாய்க்குள் புகுந்து மறுகோடியில் போய் முட்டி நிற்கிறது; உடனே பலகை அவரை நோக்கித் திரும்பிவந்து, நாடா விட்டுச்சென்ற ஊடை நூலைத் துணியின் விளிம்போடு சேர்த்து அடிக்கிறது. விசைத்தறியிலும் இதே காரியந்தான், நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் நடப்பதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. “ஏனுங்கய்யா, பலகையை அத்தனை தூரம் தள்ளவேண்டுமா?” என்று கேட்டேன். “பலகை ஒதுங்குனாத்தானுங்க நாடாவுக்கு வழி. நின்ன எடத்துலயே நின்னா நூலுதான் அறும்” என்றார்.

கேதெரே என்பதன் மூலப்பொருள் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நின்ற ஸ்தானத்தை விட்டு அசைந்து, அந்த ஸ்தானத்தை வேறொன்றுக்கு ஆக்கிக் கொடுப்பது. அசைகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது செல்லுதல். காலியான இடத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் விலகுதல். அந்த இடத்துக்கு வருகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் விட்டுக்கொடுத்தல்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ரோமர்கள் காலத்தில் இதன் முதலெழுத்து ககரமாகவே ஒலித்தது. பிற்காலத்தில் எகர இகரங்களுக்கு முன் நின்ற ககரம் நெகிழ்ந்து இத்தாலியர் வாயில் சகரமாயிற்று, பிரெஞ்சுக்காரர் வாயில் ஸகரமாயிற்று. மாதா கோயில் லத்தீனில் ‘சேதெரே’ என்று கேட்பதும், ஆங்கிலத்தில் இந்தத் தாது ‘ஸீட்’ என்று ஒலிப்பதும் அதனால்தான். இது ஐரோப்பாவின் விநோதம் என்று நினைக்கவேண்டாம். கொங்கு நாட்டு நெசவாளர்களில் வீட்டுக்குள் கன்னடம் பேசும் தேவாங்கர் பலர் உண்டு. நாம் ‘செவி’ என்பதை அவர்கள் ‘கிவி’ என்பார்கள், நம் ‘சிறு’ அவர்களுக்குக் ‘கிரு’, நம் செந்நிறம் அவர்களுக்குக் ‘கெம்பு’. அங்கே ககரம் நிலைத்தது, இங்கே நெகிழ்ந்தது. ரோமாபுரிக்கும் பாரிஸுக்கும் நடுவே நேர்ந்தது பவானிக்கும் மைசூருக்கும் நடுவேயும் நேர்ந்திருக்கிறது.

லத்தீன் எழுத்தும் இந்தச் சீமைக்குப் புதிதன்று. அகஸ்டஸ், திபேரியஸ் முதலிய ரோமச் சக்கரவர்த்திகளின் பெயர் பொறித்த காசுகள் கரூரிலும் கோயம்புத்தூரைச் சுற்றியும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. கொங்கு நாட்டுப் பச்சைக்கல்லுக்கு விலையாக வந்தவை அவற்றில் பல என்பது அறிஞர்களின் அபிப்பிராயம். பிற்பாடு, 1623ஆம் வருஷத்தில், தத்துவ போதகர் என்று பெயர் பூண்ட பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து புறப்பட்டு, இன்று நாமக்கல் ஜில்லாவில் உள்ள சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தபோது, லத்தீனில் பிரார்த்தித்துத் தமிழில் பிரசங்கம் செய்த ஒரு நாவு இந்த மண்ணில் உலவியது.

இனி இந்தத் தாது தொழில் செய்யும் விதத்தைப் பார்க்கலாம். சம்ஸ்கிருதத்தில் ‘கமனம்’ என்ற சொல்லோடு உபசர்க்கங்கள் சேர்ந்து ஆகமனம், நிர்கமனம் என்று பொருள் வேறுபடுவதுபோல, கேதெரேயின் முன்னும் சின்னஞ்சிறு அசைகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ‘ரே’ வந்தால் பின்னோக்கிப் போதல். ஏற்றுமதி ஆர்டர் குறைந்து தறிகள் நிற்கும் மாதங்களில் நம் ஜவுளிக்காரர்கள் பெருமூச்சோடு சொல்லும் ‘ரெசஷன்’ அதன் பேத்தி. ‘ப்ரோ’ வந்தால் முன்னோக்கிப் போதல். சாயப்பட்டறையில் துணி வெளுத்து, நிறமேறி, உலர்ந்து, படிப்படியாக முன்னே நகரும் ‘பிராசஸிங்’ அதிலிருந்து வந்தது. ‘எக்ஸ்’ வந்தால் எல்லை கடத்தல், ‘அத்’ வந்தால் அணுகுதல், ‘ஸுப்’ வந்தால் ஒருவன் விட்ட இடத்துக்குக் கீழிருந்து ஏறிவருதல். எனவே பட்டத்துக்கு வருகிற வாரிசைக் குறிக்கும் ‘சக்ஸஸரும்’ நம்மூர்ச் சுவரொட்டிகளின் ‘சக்ஸஸ் மீட்’டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ரோம அதிகாரி தவணை முடிந்து மாகாணத்தை விட்டுப் போவதை ‘தேகேதெரே’ என்றார்கள். உயிர் உடலை விட்டுப் போவதையும் அதே சொல்லால் குறித்தார்கள். கலெக்டரின் மாற்றலுக்கும் மரணத்துக்கும் ஒரு சொல்லே போதும் என்று நினைத்த அந்த ஜனங்களிடம் எனக்கு ஒரு பிரியம் உண்டு.

வைத்தியத்திலும் இது புகுந்தது. உடம்பின் தாதுக்கள் தத்தம் இடத்தை விட்டு விலகி ஓரிடத்தில் திரள்வதால்தான் சீழ்க்கட்டி உண்டாகிறது என்று பழைய வைத்தியர்கள் நம்பியதால், ‘விலகிப் போனது’ என்னும் பொருள்பட ‘அப்ஸெஸ்’ என்று அதற்குப் பெயராயிற்று. காரணம் பிழை என்று பின்னால் தெரிந்தது. பெயர் மட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் தங்கிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஸே’ என்ற அசை சேர்ந்த ‘ஸேகேதெரே’. தனியே பிரிந்து போதல். கிறிஸ்துவுக்கு முன் 494ஆம் வருஷம் என்று மரபு சொல்கிற ஒரு சமயத்தில், கடனாலும் பிரபுக்களின் கொடுமையாலும் நொந்துபோன ரோமாபுரியின் சாமானிய ஜனங்கள், ஆயுதம் எடுத்துச் சண்டை செய்யாமல், நகரத்தைக் காலிசெய்துவிட்டு ஒரு குன்றின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கைகள் இல்லாத நகரம் என்ன செய்யும்? பிரபுக்கள் இறங்கிவந்தார்கள், ஜனங்களைக் காக்கத் திரிபியூன் என்ற அதிகாரிகளை ஏற்படுத்த இசைந்தார்கள். இந்த இசைவுக்கு லத்தீனில் ‘கொன்கேதெரே’. கட்டணச் சலுகைக்கு நம்மூரில் வழங்கும் ‘கன்செஷன்’ இதிலிருந்து வந்தது. அந்தத் திரிபியூன்களுக்கு நாளடைவில் கிடைத்த பெரிய அதிகாரம், ஓர் உத்தரவுக்குக் குறுக்கே புகுந்து அதைத் தடுப்பது. அதற்குப் பெயர் ‘இந்தெர்கேதெரே’. பிரிந்தது, இசைந்தது, குறுக்கே புகுந்தது ஆகிய மூன்றும் ஒரே தாது. விஜயநகர காலத்தில், தறிக்கடமை முதலிய வரிகளின் பாரம் தாங்காமல் நம் நெசவாளர்கள் ஊரை விட்டு வெளியேறியதும், அவர்களைத் திரும்ப அழைத்துக் குடியமர்த்த வரியைக் குறைத்ததும் உண்டு. அவர்கள் லத்தீன் படித்தவர்கள் அல்லர்.

சட்டத்தில் இது காட்டும் முகம் வேறு. கடனைத் தீர்க்க வகையற்ற ரோமன், தன் சொத்து முழுவதையும் கடன்காரர்களுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டால், சிறைக்குத் தப்பலாம் என்று ஜூலியஸ் பெயரால் வழங்கிய சட்டம் ஒன்று இடங்கொடுத்தது. அதற்கு ‘கெஸ்ஸியோ போனோரும்’, பொருள்களை விட்டு விலகுதல் என்று பெயர். 1920ஆம் வருஷத்து மாகாணத் திவால் சட்டத்தின் கீழ் நம்மூரில் ஒருவர் கோர்ட்டுக்குப் போனால் ‘ஐ.பி. கொடுத்துட்டாரு’ என்றும் ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாரு’ என்றும் சொல்கிறார்கள். கெஸ்ஸியோவைத் தமிழில் பெயர்க்கச் சொன்னால் நான் மஞ்சள் கடுதாசி என்றே எழுதுவேன். அதில் மானமும் வருத்தமும் சேர்ந்து தொனிக்கின்றன.

ஒலியை நம்பி ஏமாறுவதும் எளிது. வரியோடு சேர்த்து வாங்கும் ‘செஸ்’ இந்தக் குடும்பம் இல்லை. வரி மதிப்பிடும் அதிகாரி உட்கார்ந்திருப்பதைக் குறித்த வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது. தவணை தவறிய வண்டியைப் பைனான்ஸ்காரர் ‘சீஸ்’ செய்வதும் அப்படியே அன்னியம். சண்டை நிறுத்தத்தைச் சொல்லும் ‘சீஸ்ஃபயரில்’ வரும் சீஸ் மாத்திரம் உண்மையான உறவு. கேதெரேயை அடுக்கி அடுக்கிச் செய்தால் ‘கெஸ்ஸாரே’, அதாவது பின்தங்கிச் சோம்பி நிற்றல்; அந்தச் சீஸ் இதன் வழி வந்தது.

தமிழில் இதற்கு இணை எது? ‘விலகு’, ‘பின்வாங்கு’, ‘ஒதுங்கு’ ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்து, கடைசியில் ‘கழி’யிடம் வந்து சேர்ந்தேன். பொழுது கழிகிறது, ஒருவர் உலகை விட்டுக் கழிந்தார், பத்தில் மூன்றைக் கழிக்கிறோம், மொத்தமாக வாங்கினால் விலையில் கழிவு உண்டு. அதே சமயம் மிகுதியைக் காட்டும் உரிச்சொற்கள் ஆறனுள் ‘கழி’யையும் நன்னூலார் வைத்தார், கழிபேருவகை என்றால் அளவு கடந்த மகிழ்ச்சி. எல்லை கடப்பதும் இல்லாமற் போவதும் ஒரே சொல்லில் இருப்பதை நாம் இத்தனை நாளும் சகஜமாகப் பேசிவந்திருக்கிறோம். சாயப்பட்டறையிலிருந்து காவிரிக்குள் கலந்துவிடும் தண்ணீருக்கும் கழிவு என்றே பேர். பிராசஸிங் ஒரு வாசலால் முன்னே போக, கழிவு மறு வாசலால் வெளியே போகிறது. இவ்விரண்டும் இரு பாஷைகளில் ஒரே கருத்தின் இரண்டு முனைகள் என்பது, ஆற்றில் நிறம் மாறிய தண்ணீரைப் பார்த்து நிற்கிறவனுக்கு ஆறுதல் தருவதில்லை.

இதையெல்லாம் சுருக்கி முதியவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த ஊர்லயும் தறி இருந்துச்சுங்களா?” என்று ஒன்றே ஒன்று கேட்டார். இருந்தது, ஆனால் நம்முடையதுபோல் படுத்த தறி அன்று. சுவரில் சாய்த்து நிறுத்தி, பாவு நூல்களின் நுனியில் மண் குண்டுகளைக் கட்டித் தொங்கவிட்ட தறி. பின்னே ஒதுங்கி முன்னே வரும் பலகை அதில் கிடையாது. பெண்கள் நின்றுகொண்டே மரத்தால் செய்த வாள் போன்ற ஒன்றால் ஊடையை மேல்நோக்கி அடித்து இறுக்கினார்கள். “மேல பாத்தா அடிச்சாங்க?” என்றார் அவர். ஆமாம் என்றேன். “தோளு போயிருமுங்களே” என்று சொல்லிக்கொண்டே பலகையை அப்பால் தள்ளினார், நாடா போயிற்று.