ஒரு கடிதமும் ஒரு கைதுக் குறிப்பும்: வணிகர் அறிய வேண்டியவை

"வம்பு நமக்கெதற்கு?" என்று ஒதுங்கிப் போவது வணிகர் இயல்பு. மனித உரிமை, குடிமை உரிமை என்ற சொற்களைக் கேட்டால், அது வக்கீல்களும் கட்சிக்காரர்களும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். 2020 ஜூன் மாதம் அந்த எண்ணத்தை மாற்றியிருக்க வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்தி வந்த ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் ஆகிய இருவரையும், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகக் கூறி ஜூன் 19 அன்று காவலர்கள் பிடித்துச் சென்றனர். 22, 23 தேதிகளில் மகனும் தந்தையும் அடுத்தடுத்து இறந்தனர். கடை சாத்தும் நேரம் பற்றிய ஒரு விவகாரம் இரண்டு உயிர்களோடு முடிந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்தது. பின்னர் சி.பி.ஐ. விசாரித்துக் காவலர்கள் மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

உரிமை அமைப்புகள் செய்யும் வேலை

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், ஜெயப்பிரகாஷ் நாராயணன் முயற்சியால் தோன்றியது மக்கள் சிவில் உரிமைக் கழகம். இத்தகைய அமைப்புகளின் அன்றாட வேலை கோஷம் போடுவது அல்ல. நடந்ததை விசாரிப்பது, தேதி, நேரம், பெயர் தவறாமல் எழுதி வைப்பது, அதை நீதிமன்றத்தின் முன் வைப்பது ஆகியவையே. நாம் பேரேடு எழுதுவது போலத்தான்.

மேற்கு வங்காளத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே. பாசு, காவல் நிலைய மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளை இணைத்து, 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 18 அன்று, கைது செய்யும்போது பின்பற்ற வேண்டிய 11 நெறிமுறைகளை நீதிமன்றம் வகுத்தது. அவற்றுள் முக்கியமானவை பிறகு சட்டத்திலேயே இடம்பெற்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அவை தொடர்கின்றன.

நம் மாவட்டத்து உதாரணமும் உண்டு. அரூரை அடுத்த வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாக வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் மலைவாழ் மக்கள் மீது கொடுமைகள் புரிந்தனர். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் விடாது வழக்கு நடத்தினர். 2011-ல் 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தனர். 2023-ல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. 19 ஆண்டுகள் கழித்து அம்மக்களின் சொல் நின்றதற்குக் காரணம், அதைக் கைவிடாமல் கொண்டுசென்றவர்கள் இருந்ததுதான்.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை

1. கைது செய்யும் காவலரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும்.

2. கைதுக் குறிப்பு (அரெஸ்ட் மெமோ) எழுதப்பட வேண்டும். கைதானவரும் அதில் கையொப்பமிட வேண்டும்.

3. கைதானவர் குறிப்பிடும் உறவினர் அல்லது நண்பருக்குத் தகவல் தர வேண்டும்.

4. மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். ஆனால் விசாரணை முழுவதும் அவர் உடனிருக்க இயலாது.

5. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். காயம் இருந்தால் அங்கே தயங்காமல் சொல்ல வேண்டும்.

6. காவலில் உள்ளவருக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100.

இவற்றில் இரண்டாவது நம்மை நேரடியாகத் தொடுவது. அந்தக் குறிப்பில் குடும்பத்தினர் ஒருவர் அல்லது அப்பகுதியைச் சேர்ந்த மரியாதைக்குரிய ஒருவர் சாட்சிக் கையொப்பம் இட வேண்டும் என்கிறது சட்டம். கடைவீதியில் ஒருவர் கைதானால், அந்த மரியாதைக்குரிய ஒருவர் பெரும்பாலும் பக்கத்துக் கடைக்காரராகத்தான் இருப்பார். தக்காளி மண்டியில் சுமை தூக்கும் தொழிலாளியானாலும், நம் கடைப் பையனானாலும், அவருக்காகக் கையெழுத்திடப் போவது நாம்தான்.

அப்போது ஒதுங்கிப் போகக் கூடாது. எழுதாத தாளில் கையெழுத்துப் போடவும் கூடாது. சரக்கு வந்தால் பில்லையும் எடையையும் சரிபார்க்காமல் நாம் கையெழுத்திடுவதில்லை அல்லவா? அதே கவனத்துடன் தேதி, நேரம், இடம் ஆகியவற்றைப் படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் ஒப்பமிட வேண்டும். நாம் கண்ட நேரத்தை நம் நோட்டிலும் குறித்து வைக்க வேண்டும். குறிப்பில் உள்ள நேரம் தவறு என்று பின்னால் ஒருவர் சொல்லும்போது, அவருக்குத் துணையாக நிற்பது அந்த ஒரு வரிதான்.

சட்டத்தை மதித்து நடக்கும் காவலருக்கும் அது பாதுகாப்பே. காவல் நிலையத்தோடு பகைமை வேண்டாம். கணக்கு மட்டும் சரியாக இருக்கட்டும்.