கிடைத்ததா... சம்பாதித்ததா?

தீபாவளி நெருங்கிவிட்டால் திருப்பூர் மாவட்டம் முழுவதும் ஒரே பேச்சுதான். பஸ்சில், டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில் என எங்கே பார்த்தாலும், 'போனஸ் வந்துருச்சுங்களா?' என்று ஒருவர் கேட்பார். 'நேத்துத்தானுங்க கெடச்சுது' என்று மற்றவர் சொல்வார்.

குட்டீஸ், இந்த 'கெடச்சுது' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்? 'காட்' என்று உடனே சொல்லிவிடுவீர்கள். தப்பில்லை. ஆனால், அதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று இருக்கிறது. அதுதான் 'ஏர்ன்'. இ, ஏ, ஆர், என் என்று நாலே எழுத்து. அந்த நாலு எழுத்துக்குள் ஒரு வயல், ஒரு கம்பெனி, ஒரு சட்டம் எல்லாமே ஒளிந்திருக்கின்றன. வாருங்கள், பார்க்கலாம்!

நாலு சொற்கள், நாலு குணங்கள்

ஒரு பொருள் நம் கைக்கு வந்து சேருவதைச் சொல்ல ஆங்கிலத்தில் பல வினைச்சொற்கள் உண்டு. அவற்றில் நாலு பேரை மட்டும் இங்கே அழைப்போம்.

முதல் ஆள் 'கெட்'. இவர் எதையும் கேட்க மாட்டார். எப்படி வந்தது, யார் கொடுத்தார், உழைத்தாயா, சும்மா வந்ததா என்ற கவலையே கிடையாது. கடிதம் வந்தாலும் கெட், காய்ச்சல் வந்தாலும் கெட், தாத்தா பொங்கல் காசு கொடுத்தாலும் கெட். தமிழில் 'கிடைத்தது' என்று சொல்கிறோமே, அதற்கு ரொம்ப நெருக்கமானவர்.

இரண்டாவது ஆள் 'வின்'. இவருக்குப் போட்டி வேண்டும். எதிரே ஒருவர் இருக்க வேண்டும். கபடியில் கோப்பை, பேச்சுப் போட்டியில் பரிசு, தேர்தலில் வெற்றி எல்லாம் 'வின்'.

மூன்றாவது ஆள் 'கெயின்'. இவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பவர். ஏற்கனவே இருப்பது கூடினால் கெயின். உடல் எடை கூடினால் 'கெயின் வெயிட்'. பழகப் பழக அனுபவம் கூடினால் 'கெயின் எக்ஸ்பீரியன்ஸ்'. வண்டியின் வேகம் கூடினால் 'கெயின் ஸ்பீட்'. ஒரு வேடிக்கை தெரியுமா? கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் வேகமாக ஓடினால், 'தி வாட்ச் கெயின்ஸ் டூ மினிட்ஸ் எ டே' என்பார்கள். கடிகாரத்துக்கு இரண்டு நிமிடம் லாபமாம்!

நாலாவது ஆள்தான் நம் 'ஏர்ன்'. இவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். 'இதற்காக நீ என்ன செய்தாய்?' உழைப்புக்குப் பதிலாக வந்தது என்றால்தான் இவர் வருவார். சம்பளம் வாங்குவது ஏர்ன். நல்ல பெயர் எடுப்பது ஏர்ன். நம்பிக்கையைப் பெறுவதும், மரியாதையைப் பெறுவதும் ஏர்ன்தான். கடையில் போய் மரியாதை ஒரு கிலோ கொடுங்கள் என்று வாங்க முடியாதே!

சொல்லுக்குள் ஒரு வயல்

'ஏர்ன்' எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் இது 'ஏர்னியன்' என்று இருந்தது. உழைத்துப் பெறுதல், தகுதியால் பெறுதல் என்று பொருள். ஆங்கிலத்துக்கு உறவுக்கார மொழி ஜெர்மன். அந்த ஜெர்மனில் 'எர்ன்டெ' என்று இன்றும் ஒரு சொல் இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? அறுவடை! இரண்டு சொற்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆதியில் சம்பாதிப்பது என்றாலே அறுவடை செய்வதுதான்.

இதை மடத்துக்குளத்துக் குட்டீசுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உடுமலைக்கும் பழனிக்கும் நடுவே இருக்கும் ஊர் அது. பக்கத்திலேயே அமராவதி ஆறு. அமராவதி அணையிலிருந்து தண்ணீர் திறந்தால், சுற்றிலும் நெல், கரும்பு, தென்னை என்று பச்சைப் பசேல் என்று இருக்கும். முன்பெல்லாம் நம் கிராமங்களில் கதிர் அறுத்தவர்களுக்குக் கூலியைப் பெரும்பாலும் பணமாகக் கொடுக்க மாட்டார்கள். களத்து மேட்டிலேயே நெல்லாக அளந்து போடுவார்கள். அறுத்தவர் அறுவடையில் ஒரு பங்கை மூட்டையாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போவார். பழைய ஆங்கிலச் சொல்லின் அர்த்தம் நம் ஊர்க் களத்து மேட்டில் அப்படியே நடந்திருக்கிறது பாருங்கள்.

அட, 'ஏர்ன்' என்று எழுதும்போதே அதில் 'ஏர்' இருக்கிறதே என்று யாரோ ஒரு சுட்டி கேட்பது காதில் விழுகிறது. நம் ஏருக்கும் அந்த ஏர்னுக்கும் சொந்தம் எதுவும் இல்லை; தற்செயலான ஒற்றுமைதான். ஆனால், நினைவில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடைக்காது. ஏர் பிடித்தால்தான் ஏர்ன்!

மற்ற இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை. 'வின்' என்பதன் பழைய வடிவத்துக்கு 'பாடுபடு, போராடு' என்றுதான் அர்த்தம். 'கெயின்' பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு நிலத்தை உழுது பயிர் செய்வது என்றும் ஒரு பொருள் உண்டு. ஆக, இந்தச் சொற்களைக் கீறிப் பார்த்தால் உள்ளே வியர்வை வாசனைதான் அடிக்கிறது.

வயலில் இருந்து கம்பெனிக்கு

இன்று மடத்துக்குளம் பக்கத்தில் பல வீடுகளில் காலையில் இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒருவர் தோட்டத்துக்குப் போவார். இன்னொருவர் நூற்பாலைக்கோ, பனியன் கம்பெனிக்கோ வண்டி ஏறுவார்.

பனியன் கம்பெனியில் ஒரு சட்டை உருவாக எத்தனை கைகள் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? நூலை நிட்டிங் மெஷினில் துணியாகப் பின்னுவார்கள். சாயம் ஏற்றுவார்கள். கட்டிங் மாஸ்டர் அளவு பார்த்து வெட்டுவார். ஓவர்லாக் மெஷினில் ஓரம் சேர்ப்பார்கள். பிறகு நூல் பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் அடுக்குவார்கள். சிலருக்கு ஷிப்ட் கணக்கில் சம்பளம். சிலருக்கு 'பீஸ் ரேட்'. அதாவது ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்கு. எத்தனை உருப்படி தைத்தாரோ அத்தனைக்குக் காசு. 'ஏர்ன்' என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உதாரணம் கிடையாது.

அந்தச் சட்டை கப்பல் ஏறி வெளிநாடு போனால் நம் நாட்டுக்கு டாலரும் யூரோவும் வரும். அதைத்தான் அன்னியச் செலாவணி ஈட்டுதல் என்று செய்தித்தாள்களில் படிக்கிறீர்கள். அதற்கும் ஆங்கிலத்தில் 'ஏர்ன்' என்றே எழுதுவார்கள். திருப்பூர் 'டாலர் சிட்டி' என்ற பெயரை எடுத்ததும் ஏர்ன்தான்.

போனஸ் பரிசா?

இப்போது அந்தத் தீபாவளிக் கேள்விக்கு வருவோம். போனஸ் என்பது முதலாளி சந்தோஷப்பட்டுக் கொடுக்கும் பரிசு என்று பல பேர் நினைக்கிறார்கள். இல்லை. 1965ம் ஆண்டு போனசுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. தகுதியுள்ள தொழிலாளிக்கு அதிகபட்சம் 20 சதவீதம் என்று அதில் எழுதினார்கள்; குறைந்தது 8.33 சதவீதம் என்பதைப் பின்னர் திருத்தத்தில் சேர்த்தார்கள். அந்த ஆண்டில் குறைந்தது 30 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. உழைத்திருந்தால்தான் போனஸ்!

8.33 என்ன கணக்கு என்று யோசிக்கிறீர்களா? 100ஐ 12ஆல் வகுத்துப் பாருங்கள். 8.33 வருகிறதா? ஒருவருக்கு மாதச் சம்பளம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆண்டுக்கு 72,000 ரூபாய். அதில் 8.33 சதவீதம் ஏறக்குறைய 6,000 ரூபாய். அதாவது ஒரு மாதச் சம்பளம். ஆண்டு முழுவதும் உழைத்த உழைப்புக்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு கூடுதலாக வருகிறது. பரிசு என்றால் 'கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை' என்று ஆகிவிடும். சம்பாதித்தது என்றால் அது உரிமை. ஒரு வினைச்சொல் மாறும்போது எவ்வளவு பெரிய விஷயம் மாறுகிறது, பார்த்தீர்களா?

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் டீச்சர் 'ஈ.எல்.' போட்டிருக்கிறேன் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தமிழில் அதற்கு 'ஈட்டிய விடுப்பு' என்று பெயர். ஏர்ன் என்பதற்கு அழகான தமிழ்ச் சொல் 'ஈட்டு'. லீவைக்கூட ஈட்ட முடியுமா? முடியும். ஆலைத் தொழிலாளர்களுக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்று 1948ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே கணக்கு எழுதினார்கள். 240 நாள் வேலை செய்தால் 12 நாள் விடுப்பு. அந்த விடுப்பைக் கேட்பவர் சலுகை கேட்கவில்லை. சேர்த்து வைத்ததை எடுத்துக்கொள்கிறார்.

சுதந்திரம் கிடைத்ததா?

'இந்தியா காட் ஃப்ரீடம் இன் 1947' என்று கட்டுரை நோட்டில் எழுதுகிறோம். இலக்கணப்படி சரிதான். ஆனால், தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த மாதிரி இருக்கிறதே! புத்தகங்களில் 'கெயின்ட் இன்டிபென்டன்ஸ்' என்று இருக்கும். 'வன் ஃப்ரீடம்' என்றும் எழுதலாம். 1932ம் ஆண்டு ஜனவரி 10ம் தேதி திருப்பூரில் ஓர் ஊர்வலம் போனது. போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தபோதும் கையில் இருந்த கொடியை விடவில்லை ஓர் இளைஞர். மறுநாள் அவர் இறந்துபோனார். அவர்தான் கொடிகாத்த குமரன். அப்போது அவருக்கு வயது 27. அவரை நினைத்துக்கொண்டு 'காட்' என்று எழுத மனம் வருமா?

உங்களுக்கு ஒரு கேள்வி

கணக்குப் பரீட்சையில் இரண்டு பேருக்கும் 90 மார்க். ஒருவர் தினமும் போட்டுப் பார்த்தவர். இன்னொருவர் பக்கத்து பேப்பரைப் பார்த்தவர். இரண்டு பேரும் 'ஐ காட் நைன்டி' என்று சொல்லலாம். 'ஐ ஏர்ன்ட் இட்' என்று யார் சொல்ல முடியும்? பதில் உங்களுக்கே தெரியும்.

காசு சம்பாதிப்பது உங்கள் வேலை இல்லை, குட்டீஸ். 14 வயது நிறையாதவர்களைக் கம்பெனியில் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி உங்கள் உரிமை. அந்தச் சட்டம் 2010ம் ஆண்டு ஏப்ரல் 1ம் தேதி நடைமுறைக்கு வந்தது. உங்கள் வயதுக்கு உரிய சொல் 'லேர்ன்'. அதன் முதல் எழுத்தை விரலால் மறைத்துப் பாருங்கள். மீதி என்ன இருக்கிறது? ஏர்ன்! படித்துவிட்டுத்தான் சம்பாதிக்க வேண்டும் என்று எழுத்துக்களே வரிசையில் நிற்கின்றன.

மறக்காமல் இருக்க:

* ஏர்ன், ஏர்ன்ட், ஏர்ன்ட். கெயின், கெயின்ட், கெயின்ட். கடைசியில் 'இ.டி.' சேர்த்தால் போதும்.
* வின், வன், வன். கெட், காட், காட். இவை உருவம் மாறும். 'வின்ட்' என்று எழுதினால் மார்க் போய்விடும்!
* 'ஹார்ட் ஏர்ன்ட் மணி' என்றால் பாடுபட்டுச் சம்பாதித்த காசு. 'வெல் ஏர்ன்ட் ரெஸ்ட்' என்றால் உழைத்த பிறகு எடுக்கும் ஓய்வு.
* பாங்கில் போட்ட பணத்துக்கு வட்டி வந்தால் அதுவும் ஏர்ன். அங்கே பணமே உழைக்கிறதாம்!

கண்டுபிடியுங்கள்! (கெட், வின், கெயின், ஏர்ன்: எது எங்கே பொருந்தும்?)

1. மாமா அனுப்பிய பார்சல் நேற்று வந்தது.
2. எங்கள் பள்ளி வாலிபால் கோப்பையை வாங்கியது.
3. அக்கா தையல் வேலை செய்து மாதம் பணம் கொண்டுவருகிறார்.
4. தம்பி லீவில் இரண்டு கிலோ எடை கூடிவிட்டான்.
5. புதிய தலைமை ஆசிரியை எல்லாருடைய நம்பிக்கையையும் பெற்றார்.

விடைகள்: 1. கெட் 2. வின் 3. ஏர்ன் 4. கெயின் 5. ஏர்ன் (கெயின், வின் என்றும் எழுதலாம், ஆனால், நடந்துகொண்ட விதத்தால் பெற்றார் என்று காட்டுவது ஏர்ன்தான்.)

ஐந்தும் சரியா? அப்படியானால் அந்தப் பாராட்டை நீங்கள் சம்பாதித்திருக்கிறீர்கள். விடையை முதலிலேயே எட்டிப் பார்த்தவர்களுக்கு... அது வெறும் 'காட்'தான்!