160 பி.எஸ். குடும்பக் கார்: தினசரி ஓட்டத்துக்குத் தேவையா?
வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய உரிமைகள், ஆபத்துகள், தீர்வுகள்

குடும்பத்துக்குக் கார் எடுக்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் ஷோரூமில் முதலில் கேட்டது மைலேஜைத்தான். இப்போது ‘டர்போவில் இருக்கிறதா?’ என்பதும் கூடவே வருகிறது. அப்பா அலுவலகம் போக, அம்மா கடைக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளியில் விட, விடுமுறைக்கு ஊருக்குப் போக ஒரே வண்டி. அதற்குள் பந்தயக் காரின் பிக்அப்பும் வேண்டும் என்ற ஆசையை விளம்பரங்கள் நன்றாகவே வளர்த்துவிட்டன.

இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவையே எடுத்துக்கொள்வோம். அதன் சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் தரும் திறன் 115 பி.எஸ். அதே அளவுள்ள டர்போ என்ஜின் தருவது 160 பி.எஸ். 2024 மார்ச்சில் வந்த ‘என் லைன்’ வகை 8.9 வினாடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொடும் என்கிறது நிறுவனம். கியா செல்டோஸ், ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் டைகுன் ஆகியவற்றிலும் இதே போலச் சாதுவான என்ஜின் ஒன்று, முறுக்கான என்ஜின் ஒன்று என இரண்டு வகை உண்டு. கூடுதல் பணம் கொடுத்து முறுக்கானதை எடுப்பது புத்திசாலித்தனமா என்பதற்கான விடை, காரைவிட அதிகமாக உங்கள் பாதையிலும் உங்கள் வீட்டிலும் இருக்கிறது.

பலன் எங்கே கிடைக்கும்?

தினசரி ஓட்டத்தில் உதவுவது பி.எஸ். எண் அல்ல, டார்க் எனப்படும் இழுவிசை. சாதாரண கிரெட்டா என்ஜின் தன் முழு இழுவிசையான 144 நியூட்டன் மீட்டரை 4,500 சுழற்சியில்தான் தருகிறது. டர்போ என்ஜின் 1,500 சுழற்சியிலேயே 253 தருகிறது. ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டி, ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, இருவழிச் சாலையில் முன்னால் ஒரு லாரி என்ற நிலையில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எதிர்த்தடத்தில் வண்டி ஓடும் நேரம் குறைகிறது. அந்த வகையில் பிக்அப் ஒரு பாதுகாப்பு அம்சமே.

மலைப்பாதையிலும் அப்படித்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் வேகம் குறைந்து மறுபடி ஏற வேண்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி குறைவதால் சாதாரண என்ஜின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு திறனை இழக்கும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். மாதத்தில் பல நாள் நெடுஞ்சாலையிலும் மலையிலும் ஓட்டுகிறவருக்கு இது வீண்செலவு அல்ல.

நகரத்தில் என்ன மிஞ்சும்?

சென்னை மாநகரில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கு வேக வரம்பு 60 கி.மீ.; குடியிருப்புப் பகுதித் தெருக்களில் 30. காலை ஒன்பது மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் அந்த வரம்பைத் தொடவே வழியில்லை. அங்கே 160 பி.எஸ். காரும் 115 பி.எஸ். காரும் ஒரே சிக்னலில் ஒன்றாகத்தான் நிற்கும்.

மைலேஜில் ஒரு வேடிக்கை உண்டு. கிரெட்டாவின் சாதாரண மேனுவல் வகைக்கு அறிவிக்கப்பட்டது லிட்டருக்கு 17.4 கி.மீ. டர்போ ஆட்டோமேட்டிக் வகைக்கோ 18.4 கி.மீ.! இந்த எண்கள் ஆய்வகத்தில் உருளைகள்மேல் காரை நிறுத்தி, வகுக்கப்பட்ட ஓர் ஓட்ட முறைப்படி அளந்தவை. அதில் உச்ச வேகமே 90 கி.மீ.தான், ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதிப்பார்கள். அப்படி மிதித்தால் டர்போ என்ஜின் சிக்கனமாகவே ஓடும். ஆனால் பிக்அப்புக்காகப் பணம் கொடுத்தவர் அப்படி மிதிப்பதில்லை. டர்போ காற்றைத் தள்ளும் ஒவ்வொரு தடவையும் அதற்கேற்ற பெட்ரோலும் உள்ளே போகிறது.

கியர்பாக்ஸையும் கவனியுங்கள். டி.சி.டி. எனப்படும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் நெடுஞ்சாலையில் அருமையாக இருக்கும். அதில் எண்ணெயில் மூழ்காத ‘டிரை கிளட்ச்’ வகை, ஊர்ந்து ஊர்ந்து நகரும் நெரிசலில் சூடேறும். திரையில் எச்சரிக்கை வரக்கூடும். பாலத்தின் ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை மட்டும் தொட்டுக்கொண்டே காரை நிறுத்திவைக்கும் பழக்கம் கிளட்ச்சைச் சீக்கிரம் தேய்த்துவிடும். உங்கள் ஓட்டம் பெரும்பாலும் நகரத்துக்குள்தான் என்றால் ‘டார்க் கன்வெர்ட்டர்’ ஆட்டோமேட்டிக்கோ ‘வெட் கிளட்ச்’ வகையோ கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

டயர் இன்னொரு செலவு. ஸ்போர்ட்டி வகைகளில் 18 அங்குலச் சக்கரம், பக்கச்சுவர் குறைந்த டயர் வரும். மழைக்காலப் பள்ளத்தில் இறங்கினால் பக்கச்சுவர் கிழியவும் அலாய் வளையவும் வாய்ப்பு அதிகம். இப்படி இடிபட்டு வரும் சேதம் பொதுவாக வாரண்டியில் சேராது.

பில்லில் உங்கள் உரிமை

தமிழ்நாட்டில் காருக்கான ஆயுட்கால வரி, விலை 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். வரம்பைத் தாண்டினால் கூடுதல் விகிதம் மொத்த விலைமீதும் விழும். 9.90 லட்ச ரூபாய் காருக்கு வரி 1,28,700 ரூபாய், 10.10 லட்ச ரூபாய் காருக்கு 1,81,800 ரூபாய். விலை வித்தியாசம் 20,000. வரி வித்தியாசம் 53,100. டர்போ வகைக்குத் தாவும்போது பலர் இந்தக் கோட்டைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

விலை 10 லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். இது செலவல்ல, உங்கள் பான் எண்ணில் வரவாகும் பணம். வருமான வரிக் கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லை என்றால் திரும்பப் பெறலாம்.

ஜி.எஸ்.டி.யிலும் கோடு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் 4 மீட்டருக்கும் என்ஜின் 1,200 சி.சி.க்கும் மிகாத பெட்ரோல் காருக்கு 18 சதவீதம். பெரியவற்றுக்கு 40 சதவீதம். டாடா நெக்ஸான், மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 3எக்ஸ்.ஓ. போன்ற சிறிய டர்போ கார்கள் முதல் வகையில் வருகின்றன. டர்போ வேண்டும், பட்ஜெட்டும் முக்கியம் என்பவர்கள் இங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

ஆன்ரோடு விலைப் பட்டியலை வரிவரியாக எழுத்தில் கேளுங்கள். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’, கட்டாய ஆக்சஸரீஸ் என்று வருபவற்றை மறுக்கலாம். ஷோரூம் வழியாகத்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்று நிர்பந்திப்பதைக் கட்டுப்பாட்டு வணிக நடைமுறை என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

சாவி யார் கையில்?

குடும்பக் காரை ஒருவர் மட்டும் ஓட்டுவதில்லை. நேற்று லைசென்ஸ் வாங்கிய பிள்ளையும் ஓட்டும். வேகத்தின் கணக்கு அந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டாது. ஈரமில்லாத சாலையில், ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்தால், 60 கி.மீ. வேகத்தில் கார் நிற்கச் சுமார் 45 மீட்டர் வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 97 மீட்டர். மழையில் இன்னும் கூடும். பிக்அப் எவ்வளவு கூடினாலும் இந்தத் தூரம் குறையாது.

ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார் என்ற தைரியமும் அளவோடு இருக்கட்டும். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்.சி.ஏ.பி. சோதனையில் முன்பக்க மோதல் நடத்தப்படுவது 64 கி.மீ. வேகத்தில். 120 கி.மீ. வேகத்தில் போகும் காரின் இயக்க ஆற்றல் அதைப்போல மூன்றரை மடங்கு. நட்சத்திரம் அந்த மோதலுக்குத் தந்த உத்தரவாதம் அல்ல.

சட்டம் தெளிவாக இருக்கிறது. வேக வரம்பை மீறினால் காருக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய். 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய். பதினெட்டு நிறையாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு இது. ‘எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்’ என்று நிரூபிக்க வேண்டிய சுமை பெற்றோர்மேல்தான்.

இன்சூரன்ஸ்: எங்கே நழுவும்?

கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியம் திறனைப் பார்ப்பதில்லை, சி.சி.யைப் பார்க்கிறது. 2022-ல் நிர்ணயித்த விகிதப்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரை ஆண்டுக்கு 3,416 ரூபாய். ஆகவே 1.5 லிட்டர் டர்போவுக்கும் சாதாரண 1.5 லிட்டருக்கும் இதில் வித்தியாசம் இல்லை. சொந்தச் சேதப் பிரீமியம் மட்டும் காரின் மதிப்புக்கேற்பக் கூடும்.

சிக்கல் வருவது ‘ரீமேப்’ செய்யும்போது. என்ஜின் மென்பொருளை மாற்றி இன்னும் முப்பது நாற்பது பி.எஸ். ஏற்றித் தருகிறோம் என்று கடைகள் அழைக்கும். செய்தால் என்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டி கையைவிட்டுப் போகும். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாத மாற்றம் க்ளெய்மை மறுக்க அவர்களுக்குக் காரணமாகும். தயாரிப்பாளரின் அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

மழை வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் ஏறிய சேதத்துக்கு அடிப்படைப் பாலிசியில் பணம் கிடைப்பது கடினம். ‘என்ஜின் புரொடெக்ட்’ சேர்த்திருக்க வேண்டும்.

க்ளெய்ம் அநியாயமாக மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு. 50 லட்ச ரூபாய் வரையிலான விவகாரங்களைக் கட்டணமின்றி விசாரிப்பார்கள். ஓராண்டுக்குள் போக வேண்டும்.

பழுது தொடர்ந்தால்

பல வழக்குகள் தோற்பது உண்மை இல்லாததால் அல்ல, காகிதம் இல்லாததால். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘பொதுச் சோதனை’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தேதி தெரியும்படி வீடியோ எடுங்கள். பேசியதை அன்றே மின்னஞ்சலாகவும் அனுப்பிவையுங்கள்.

அடுத்தபடி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேயே வழக்குப் போடலாம். கார் வாங்கிய ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே தொடரலாம். 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்குக் கட்டணம் 400 ரூபாய், 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் இணையவழியே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. தயாரிப்புக் குறை என்று சொல்வதானால் நிபுணர் பரிசோதனை கேட்டு மனுப் போடுங்கள். அந்த அறிக்கைதான் பெரும்பாலும் வழக்கின் முதுகெலும்பு.

விளம்பர மைலேஜை நம்பி ஏமாந்தவருக்கும் கதவு அடைக்கப்படவில்லை. லிட்டருக்கு 32 கி.மீ. என்று விளம்பரமான ஒரு டீசல் காரை நிபுணர் ஓட்டிப் பார்த்தபோது 19.6 கி.மீ.தான் கிடைத்தது, 2022-ல் திருச்சூர் மாவட்ட ஆணையம் வாடிக்கையாளருக்கு 3 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. இரண்டு மூன்று கிலோமீட்டர் குறைந்ததற்கெல்லாம் இப்படிக் கிடைத்துவிடாது. ஆனால் விளம்பரத் தாளைப் பத்திரப்படுத்துவது வீண்போகாது.

ரீகால் அறிவிப்பையும் அலட்சியப்படுத்த வேண்டாம். இலவசமாகச் சரிசெய்து தருவது நிறுவனத்தின் கடமை. வேகக் கார்களுக்குத்தான் இது வரும் என்பதும் இல்லை. 2024 தொடக்கத்தில் ஹூண்டாய் திரும்ப அழைத்த 7,698 கிரெட்டா, வெர்னா கார்கள் சாதாரண 1.5 பெட்ரோல் சி.வி.டி. வகையே. சேஸிஸ் எண்ணை நிறுவன இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

யார் எடுக்கலாம்?

நெடுஞ்சாலையும் மலையும் அடிக்கடி, எப்போதும் முழுக் குடும்பம், டயர்-பெட்ரோல் செலவு பாதிக்காத வருமானம், வீட்டில் நிதானமாக ஓட்டும் கைகள் ஆகிய நான்கும் உண்டென்றால் டர்போவைத் தயங்காமல் எடுக்கலாம். வாரத்தில் ஆறு நாள் நகர நெரிசல், வருடத்தில் இரண்டு முறை ஊர்ப் பயணம் என்றால் சாதாரண என்ஜினை எடுத்து, மிச்சமாகும் பணத்தில் கூடுதல் ஏர்பேக் உள்ள வகை, நல்ல குழந்தை இருக்கை, நீட்டித்த வாரண்டி, என்ஜின் புரொடெக்ட் பாலிசி ஆகியவற்றை வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்கள், காலி ரோட்டில் விற்பனையாளர் காட்டும் டெஸ்ட் டிரைவோடு நிறுத்திவிடாமல், காலை ஒன்பது மணிக்கு, குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு, நீங்கள் தினம் போகும் பாதையில் ஓட்டிப்பார்க்கக் கேளுங்கள். அதற்குச் சம்மதிக்காத ஷோரூமில் முன்பணம் கட்ட அவசரப்படாதீர்கள்.