தாடையெலும்பும் வேலி ஓணானும்

புத்தளத்திற்கு வடக்கே அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கல் அகழிகளின் ஓரத்தில் வெயில் காயும் ஓணானைக் காணும்போதெல்லாம், அது பாறை வெடிப்பொன்றில் விழுந்து மடிந்து, பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதன் எலும்பைக் கண்டெடுப்பவர், மயோசீன் யுகத்துக் கடலடியில் படிந்த அக்கல்லின் வயதையே எலும்புக்கும் கற்பித்துவிட மாட்டாரா என்ற சந்தேகம் எனக்கு எழுவதுண்டு. இது வெறுங் கற்பனையன்று. அயல்நாடான இந்தியாவில் இதையொத்த வழக்கொன்று நடந்தே இருக்கிறது.

மத்தியப் பிரதேசத்தின் டிக்கி பாறையடுக்குப் பகுதியில் கிடைத்த சிறியதொரு கீழ்த்தாடையெலும்பை, தத்தா, ரே என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 2006ஆம் ஆண்டில் 'டிக்கிகுவானியா எஸ்டெசி' என நாமகரணம் செய்து, ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட டிரையாசிக் யுகத்துப் பல்லியினம் என்று வெளியிட்டனர். பல்லி, அரணை, உடும்பு, பாம்பு யாவும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்த காலத்தைக் கணிக்க முயல்வோருக்கு, அத்தனை புராதனமான சாட்சியம் பெருநிதியாயிற்று.

ஆனால் 2012இல் ஹச்சின்சன், ஸ்கின்னர், லீ ஆகிய மூவர் அந்த எலும்பை மீண்டும் பரிசீலித்தபோது, அவர்கள் நோக்கியது பாறையையன்று, பற்களையே. ஓணானின் பற்களிற் பெரும்பாலானவை தாடையின் உட்புறத்தில் சாய்ந்து நில்லாமல், அதன் விளிம்பின் மேலேயே எலும்போடு எலும்பாக ஒட்டி நிற்பன. டிக்கி எலும்பில் காணப்பட்ட அந்த அமைப்பும் பிற அம்சங்களும், நம் வேலி ஓணானும், மணற்பாங்கான கரைகளில் கழுத்தடித் தோலை விசிறிபோல் விரிக்கும் சிட்டானாவும் சேர்ந்த இக்கால வர்க்கத்தின் தாடையோடு வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தன. இருபத்திரண்டு கோடி ஆண்டுகளாக ஒரு தாடை மாறாதிருந்தது என்று நம்புவதைவிட, பிற்காலத்து ஓணான் ஒன்றின் எலும்பு பழம் பாறையின் பொருள்களோடு கலந்துவிட்டது என்று கொள்வதே யுக்திக்குப் பொருந்தும் என அவர்கள் தீர்மானித்தனர்.

நேர்மாறான சம்பவமும் உண்டு. இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் கற்சுரங்கமொன்றில் 1953இல் எடுக்கப்பட்டு, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேறொரு ஊர்வன இனத்தின் எலும்புகளோடு நெடுங்காலம் கிடந்த மாதிரியொன்று, 2022இல் 'கிரிப்டோவரனாய்டிஸ்' என்னும் டிரையாசிக் காலப் பல்லியாக உயர்வு பெற்றது. மறு ஆண்டிலேயே வேறு அறிஞர்கள் அது பல்லியே அன்று என வாதிட்டனர்.

உயிரோடு ஓடித் திரியும் பிராணிக்கே நாமம் நிலையில்லாதபோது கல்லாய்ப் போனதைக் குறை கூறுவானேன்? 1829இல் பாண்டிச்சேரியின் பெயரால் வழங்கத் தொடங்கிய சிட்டானா இனத்திலேயே அடக்கப்பட்டிருந்த இலங்கைச் சிட்டானாக்கள், 2015இல்தான் தனித்த இரண்டு இனங்களாகப் பிரிக்கப்பட்டன.

ஆகவே, அருவக்காட்டிலோ வேறெங்கோ புதைபடிவம் ஒன்றைக் காண நேரும் அன்பர்கள் அதைப் பெயர்த்தெடுத்து வந்து அலமாரியில் வைத்துவிட வேண்டா. அது எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், கல்லோடு இறுகிக் கிடந்ததா, வெடிப்பு மண்ணில் தளர்ந்து கிடந்ததா என்பதைக் குறித்து, படமும் பிடித்து, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்திற்குத் தெரிவியுங்கள். எலும்பின் வயதைப் பிற்காலத்தவர் நிர்ணயிக்க அந்தக் குறிப்பே துணையாகும்.