வேலை போனால் வைத்தியமும் போகுமா?

எங்கள் பக்கத்து வத்திராயிருப்பிலும் கிருஷ்ணன்கோவிலிலும் பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர் முன்பெல்லாம் விசாவை நினைத்துத்தான் கவலைப்படுவார்கள். இப்போது ஆஸ்பத்திரிச் செலவும் அதோடு சேர்ந்துகொண்டது. 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்துக்கான செலவைப் பெரிய அளவில் வெட்டுகிறது. இந்தச் சட்டத்தால் 2034-க்குள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் நிற்பார்கள் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகமே கணக்குப் போட்டிருக்கிறது. சொந்தமாகக் காப்பீடு வாங்குகிறவர்களுக்கு 2021 முதல் கிடைத்துவந்த கூடுதல் மானியமும் 2025 டிசம்பரோடு முடிந்தது. அந்த மானியத்துக்காக நடந்த சண்டையில்தான் அக்டோபரிலும் நவம்பரிலுமாக அமெரிக்க அரசு 43 நாள் முடங்கிக் கிடந்தது.

சரி, ஐ.டி. கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருக்கிற நம் பிள்ளைக்கு இதில் என்ன? மெடிக்கெய்டும் மானியமும் அவனைத் தொடுவதில்லை. அவனுடைய சிக்கல் அதைவிடப் பழையது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1942-ல், விலைவாசி ஏறாமலிருக்க அமெரிக்க அரசு சம்பள உயர்வுக்குத் தடை போட்டது. ஆள் கிடைக்காமல் திண்டாடிய முதலாளிகள் சம்பளத்துக்குப் பதில் மருத்துவக் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தார்கள். பிறகு அதற்கு வரிவிலக்கும் வந்தது. போர் முடிந்து எண்பது வருஷமாகியும் அந்த ஏற்பாடு மாறவில்லை. வேலை எங்கேயோ அங்கேதான் வைத்தியம். முதியவர்களுக்கு மெடிக்கேர், ஏழைகளுக்கு மெடிக்கெய்டு என்று 1965-ல் அதிபர் ஜான்சன் காலத்தில் இரண்டு திட்டங்கள் வந்தன. இடையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்றும் முதலாளியின் காப்பீட்டில்தான் இருக்கிறார்கள்.

அந்தக் காப்பீடு மலிவும் இல்லை. ஒரு குடும்பத்துக்கான சராசரி பிரீமியம் 2025-ல் ஆண்டுக்கு ஏறத்தாழ 27,000 டாலர். இதில் முக்கால் பங்கைக் கம்பெனி கட்டிவிடுவதால் பிள்ளைக்கு அது தெரிவதில்லை, வேலை போகிற வரை. போனால் கோப்ரா என்றொரு சட்டப்படி அதே காப்பீட்டைப் பொதுவாக 18 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கம்பெனியின் பங்கையும் சேர்த்து முழுத் தொகையையும் அவனே கட்ட வேண்டும். மாதம் 2,250 டாலர் போல வரும். எச்-1பி விசாக்காரன் என்றால் வேறு வேலை தேடிக்கொள்ள 60 நாள்தான் தவணை. பிரீமியம் கட்டினாலும், பல பாலிசிகளில் ஆண்டுதோறும் முதல் சில ஆயிரம் டாலர் செலவைக் கையிலிருந்து போட்ட பிறகுதான் காப்பீடு வாயைத் திறக்கும். பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிற தாத்தா பாட்டிகள் ஆறு மாதத்துக்கான சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் இங்கேயே வாங்கி, டாக்டர் சீட்டோடு பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவது ஊறுகாயைப் போல ஊர்ப் பாசத்தால் அல்ல, அங்கத்திய செலவுக்குப் பயந்துதான்.

இந்த ‘வேலையோடு ஒட்டிய காப்பீடு’ நமக்கு ஏதோ புதுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். ராஜபாளையம் மில்களுக்குப் போனால் அதன் தம்பியைப் பார்க்கலாம், இ.எஸ்.ஐ. 1948-ம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கிற தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம் பிடிக்கிறார்கள். பதிலுக்குத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம், நோயில் படுத்தால் சம்பளத்தில் ஒரு பகுதி. ஆள் வேலையை விட்டால், கட்டிய சந்தாவுக்குரிய காலம் முடிந்ததும் இதுவும் நின்றுவிடும். சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் கொஞ்ச காலத்தில் வெளியே வந்துவிட வேண்டியதுதான். சத்திரப்பட்டியில் தறி ஓட்டி, ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு கூடங்களிலும் வீட்டுத் தறிகளிலும் கூலிக்கு ஓட்டுகிறவர்கள் பலருக்கு இந்தத் திட்டம் எட்டுவதே இல்லை.

ஆனால் ராஜபாளையத்தில் மில் வேலையை இழந்தவனுக்கும் நியூஜெர்சியில் ஐ.டி. வேலையை இழந்தவனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே காப்பீடு போன பிறகும் போய் நிற்க அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. வத்திராயிருப்பில் காலை நேரத்தில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறவரிடம் எந்தக் கம்பெனி, என்ன பாலிசி என்று யாரும் கேட்பதில்லை. பிரஷர் பார்க்கிறார்கள், சுகர் பார்க்கிறார்கள், ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கிறார்கள். வயல் வேலையில் பாம்பு கடித்து வருகிறவருக்கும் அதே வாசல்தான்.

அந்த மாத்திரை அட்டைக்குப் பின்னால் ஒரு பெரிய வேலை நடக்கிறது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலத்துக்கு வேண்டிய மருந்துகளை ஒட்டுமொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. தரத்தைச் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை அடிமட்டத்துக்கு வருகிறது. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இதே மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. இன்சுலின் விலைக்கு அஞ்சி அளவைக் குறைத்துப் போட்டுக்கொள்கிற நோயாளிகள் அமெரிக்காவில் உண்டு. முதியவர்களின் மெடிக்கேரில்கூட இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் என்ற உச்சவரம்பே 2023-ல்தான் வந்தது.

அரசு ஆஸ்பத்திரிக்கும் காப்பீட்டுக்கும் நடுவில் வருகிறது ‘கார்டு’. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத்தான் ஊரில் இப்படிச் சொல்கிறார்கள். 2009-ல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012-ல் இன்றைய பெயரைப் பெற்று, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. பைபாஸ், டயாலிசிஸ், புற்றுநோய் என்று வந்துவிட்டால் மதுரைக்கு ஓடுகிற குடும்பத்தை நிலத்தை விற்காமல் காப்பாற்றுவது இதுதான். அதில் சந்தேகமில்லை.

ஆனால் கார்டு பெரும்பாலும் அட்மிஷனுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும்தான். தினசரி விழுங்குகிற மாத்திரைக்கும், மாதாந்திர ரத்தப் பரிசோதனைக்கும், டாக்டர் ஃபீஸுக்கும் அது உதவாது. சிறுநீரகம் கெட்டபின் டயாலிசிஸுக்குப் பணம் தரும். கெடாமல் பார்த்துக்கொள்கிற வேலை ஆரம்ப சுகாதார நிலையத்துடையது. என் பயம் இங்கேதான். ஆட்சியாளர்களுக்குக் கார்டு பிடிக்கும். மேடையில் கொடுக்கலாம், படம் எடுக்கலாம். காலியாகக் கிடக்கும் நர்ஸ் பணியிடத்தை நிரப்புவதைப் படம் எடுக்க முடியாது. காசு மெல்ல மெல்லக் கார்டுப் பக்கம் சாய்ந்தால், கையில் கார்டும் எண்பது கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரியும் மிஞ்சும். அமெரிக்காவின் கிராமப்புறங்களில் அதுதான் நடந்தது. 2010-க்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப்புற ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டோ உள்நோயாளிப் பிரிவை இழந்தோ போயின. காப்பீடு தரும் பணத்தை நம்பியே ஓடுகிற ஆஸ்பத்திரிக்கு, கூட்டம் குறைந்த ஊரில் கட்டுப்படியாகாது. மெடிக்கெய்டு வெட்டால் இன்னும் பல மூடும் என்ற அச்சத்தில்தான் அதே சட்டத்திலேயே 5,000 கோடி டாலரில் கிராமப்புற நிதி ஒன்றையும் சேர்த்தார்கள்.

பணத்தை எங்கே போடுகிறோம் என்பதை நம் நாட்டுக் கணக்கிலும் பார்க்கலாம். மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போடும் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-ல் 39.4 ஆகக் குறைந்தது. நல்ல முன்னேற்றம். ஆனால் 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவு நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தைத் தொடும் என்று 2017-ன் தேசியக் கொள்கை சொன்னது. 2021-22-ல் அது 1.84. அமெரிக்காவில் அரசும் தனியாருமாகச் செலவழிப்பது 17 சதவீதத்துக்கும் மேல். அப்படியும் இரண்டரைக் கோடிக்கும் அதிகமான பேருக்குக் காப்பீடு இல்லை. ஆக, தொகை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது.

பிள்ளைகள் வெளியூர் போய், பெரியவர்கள் மட்டும் மிஞ்சுகிற வத்திராயிருப்புப் பக்கத்து வீடுகளுக்கு காசு கார்டுக்கா, பக்கத்து ஆஸ்பத்திரிக்கா என்ற கேள்வி மற்றவர்களுக்கு முன்பே வரும். அதுவரை இருப்பதையாவது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மில்லில் குறைந்தது ஐந்து வருஷம் இ.எஸ்.ஐ. சந்தா கட்டி, வயதானதால் ஓய்வு பெற்றவர் தனக்கும் மனைவிக்கும் அதே மருத்துவத்தைத் தொடரலாம். அதற்குக் கட்ட வேண்டியது வருஷத்துக்கு 120 ரூபாய். வேலை பார்த்த மில்லின் சான்றோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்க வேண்டும்.