கடல் பார்க்காத பிள்ளைகள் எழுதிய கடல்

சென்ற வாரம் செலஸ்தென் ஃப்ரெய்னேவின் வகுப்பறை அச்சகத்தைப் பார்த்தோம். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டு, நெடுநேரம் உரக்கப் பேச முடியாமல் போன அந்தப் பிரெஞ்சு ஆசிரியர், 1920-களில் தன் கிராமப் பள்ளிக்குள் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றியதை எழுதி, வகுப்பில் வாசிப்பார்கள். எதை அச்சிடுவது என்று அவர்களே தேர்ந்தெடுத்து, அவர்களே அச்சுக் கோப்பார்கள். இந்த முறை ஸ்பெயினுக்கும் பரவியது. அங்கே அதைக் கையில் எடுத்த ஒருவரைப் பற்றி இந்த வாரம் சொல்ல வேண்டும்.

அந்தோனி பெனாய்ஜஸ், மத்தியதரைக் கடலோரத் தாரகோனா மாகாணத்துக்காரர். 1934-இல் வடக்கே பூர்கோஸ் மாகாணத்தில், பன்யுவேலோஸ் தே புரேபா என்ற சின்னஞ்சிறு உழவர் கிராமத்துக்கு ஆசிரியராகப் போனார். கைக்காசைப் போட்டு ஓர் அச்சு இயந்திரம் வாங்கினார். பிள்ளைகள் எழுதியவை சிறு சிறு புத்தகங்களாக வெளிவந்தன. 1936 ஜனவரியில் வந்த ஒன்றின் பொருள், கடல். அதை ஒருநாளும் பார்த்திராத பிள்ளைகள் எழுதியது என்று தலைப்பே சொல்லிவிடுகிறது.

அந்தத் தலைப்பில்தான் என் மனம் நிற்கிறது. நம் வகுப்பறைகளில் 'நான் கண்ட பொருட்காட்சி' என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். பொருட்காட்சிப் பக்கமே போகாத பிள்ளையும் குறிப்புச் சட்டகம் போட்டு, முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரை, கண்டதாகவே எழுதுகிறது. அரங்குகளையும் ராட்டினத்தையும் நோட்ஸிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. எழுத்து என்றால் தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது என்று பத்து வயதிலேயே அது கற்றுக்கொள்கிறது. இது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

பெனாய்ஜஸின் பிள்ளைகளுக்கு அந்தப் பாசாங்கு தேவைப்படவில்லை. பார்த்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, கடல் எவ்வளவு பெரிதாக இருக்கும், எவ்வளவு ஆழம் இருக்கும் என்று தங்கள் மனதுக்கு எட்டியபடி எழுதினார்கள். கேள்வி கேட்டவர் கடலோரத்தில் பிறந்தவர். ஆனாலும் தனக்குத் தெரிந்த கடலை அவர்கள் தாளில் தேடவில்லை. அவர்களுடைய கடலைக் கேட்டார், அதையே அச்சிலும் ஏற்றினார். 'விருப்பம்போல் எழுது' என்று சொல்லிவிட்டால் பிள்ளை எழுதிவிடாது. வெற்றுத்தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். தான் எழுதுவதை உண்மையாகவே தெரிந்துகொள்ள ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால்தான் பேனா நகரும்.

கோடை விடுமுறையில் அவர்களைத் தன் ஊருக்கு அழைத்துப்போய்க் கடலைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஜூலையில் ஸ்பானியக் குடியரசுக்கு எதிராக ஃபிராங்கோ தரப்புத் தளபதிகளின் கலகம் வெடித்தது. சில நாட்களுக்குள் பெனாய்ஜஸைக் கொன்றுவிட்டார்கள். பிள்ளைகள் கடலுக்குப் போகவில்லை. அவர் இடதுசாரி, குடியரசின் பக்கம் நின்றவர். கொலைக்கு அரசியல் காரணம் உண்டு. ஆனால் பிள்ளைகளைச் சொந்தமாகச் சிந்திக்கவும் எழுதவும் விட்ட வகுப்பறையும் அந்தப் பகையிலிருந்து தனித்து நின்றதில்லை. பிரான்சிலேயே, ஒரு மாணவன் தான் கண்ட கனவை எழுதியதற்காக ஃப்ரெய்னேவுக்கு எதிராக ஊரில் சுவரொட்டி ஒட்டினார்கள். அந்தக் கனவில் வகுப்பு முழுவதும் ஊர் மேயரை எதிர்த்துக் கிளம்பியிருந்தது.

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் அச்சு இயந்திரத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். கையெழுத்துப் பத்திரிகை நமக்குப் புதிதல்ல. நான்கு தாளை மடித்துத் தைத்தால் போதும். ஒரு பிரதியைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அனுப்புங்கள், அவர்களுடையதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வரியை மாற்றத் தோன்றினால் எழுதிய பிள்ளையைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். ஆண்டு மலருக்காகப் பெரியவர்கள் திருத்தி எழுதிக்கொடுக்கும் கவிதைகளை இதில் சேர்க்காதீர்கள்.

ஒற்றுப்பிழையை, எழுத்துப்பிழையை என்ன செய்வது? எப்போது திருத்துவது, எப்போது கண்டுகொள்ளாமல் விடுவது என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பேசுவோம்.