சாம்பலினின்று எழுந்த நகரம்

ஐரோப்பாவின் புராதன நகரங்களைக் காணச் செல்வோர், ஒரு கட்டடத்தைக் கண்டதும் முதற்கண் வினாவுவது அதன் வயதையே. போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சோவில் இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் உண்டு.

விஸ்துலா நதியின் மேற்குக் கரையில், மேட்டுநிலத்தில் அமைந்துள்ளது பழைய நகரம். அதனுட் புகுமுன் அரண்மனைச் சதுக்கத்திற் சற்றே நிற்போம். எதிரே உயர்ந்து தோன்றுவது, அரச இருக்கையைக் கிராக்கோவிலிருந்து இங்கு மாற்றிய மூன்றாம் சிகிஸ்முண்டு மன்னனின் நினைவுத்தூண். அவன் மைந்தன் 1644 இல் அதனை நாட்டினான். உச்சியிலுள்ள சிலை பழையது. தாங்கி நிற்கும் தூணோ 1949 இல் நிறுவப்பட்டது. 1944 இல் வீழ்த்தப்பட்ட முந்திய தூணின் துண்டங்கள் அரண்மனையருகே இன்றும் கிடக்கின்றன.

ஒடுங்கிய தெருவழியே நடந்தால் சந்தைச் சதுக்கத்தை அடைவோம். நாற்புறமும் வண்ணந் தீட்டிய மாடவீடுகள். நடுவே வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னியின் சிலை. அக்கன்னியே நகரின் இலச்சினை. இவ்வீடுகள் முந்நூறு ஆண்டுப் பழமையுடையன என்றே காண்போர் கொள்வர். ஆயினும் இவற்றுட் பெரும்பாலானவை 1953 ஆம் ஆண்டளவில் எழுப்பப்பட்டவை!

1944 ஆகஸ்ட் 1 ஆந் திகதி நகரமாந்தர் நாசி ஆதிக்கத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். 63 நாட்கள் நடந்த போர் தோல்வியில் முடிந்தது. ஹிட்லரின் படையினர் எஞ்சிய நகரை எரியூட்டியும் வெடிவைத்தும் தகர்த்தனர். பழைய நகரில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அழிந்தது.

அழிந்ததை மீட்டுத் தந்தவை ஓவியங்களும் வரைபடங்களுமே. பதினெட்டாம் நூற்றாண்டில் அரசவை ஓவியராயிருந்த பெலொட்டோ என்னும் வெனிஸ் நகரத்தவர், வார்சோவின் தெருக்களை நுணுக்கமாகத் தீட்டியிருந்தார். சர்வகலாசாலையின் கட்டடக்கலை ஆசிரியரும் மாணவரும் பழைய வீடுகளை அளந்து வரைந்த படங்கள், போர்க்காலத்தில் வேற்றூர் மடாலயமொன்றில் ஒளித்துக் காக்கப்பட்டன. இவற்றைத் துணைக்கொண்டு, இடிபாடுகளிற் பொறுக்கிய செங்கற்களையும் சிற்பத் துண்டங்களையும் சேர்த்து, மக்கள் தம் நகரை மீண்டும் கட்டினர். அரண்மனையைக் கட்டும் முடிவு 1971 இல் எடுக்கப்பட்டது. பொதுமக்கள் நன்கொடையால் எழுந்த அது, 1984 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1980 இல், யுனெஸ்கோ பழைய நகரை உலக மரபுரிமையாக ஏற்றது.

இவ்வளவோடு திரும்பிவிடலாகாது. மேற்கே, நடந்து செல்லத்தக்க தூரத்தில், முரானோவ் என்னும் பகுதி உள்ளது. போருக்கு முன் நகர மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் யூதர். 1940 இல் அவர்கள் மதிலுக்குள் அடைக்கப்பட்டனர். 1942 இல் இலட்சக்கணக்கானோர் திரெபிலிங்காக் கொலைக்களத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். எஞ்சியோர் 1943 ஏப்ரலிற் கிளர்ந்தெழுந்து போராடினர். அவர்கள் வாழ்ந்த தெருக்களை எவரும் பழையபடி கட்டவில்லை. இடிபாட்டு மேட்டின்மீது புதுக் குடியிருப்புகள் எழுந்தன. 1948 இல் அமைத்த நினைவுச்சின்னமும், அதனெதிரே யூதர் வரலாற்று நூதனசாலையும் அவர்களை நினைவூட்டுகின்றன.

வரைபடம் இருந்தமையால் வீடு திரும்பி வந்தது. அதில் வாழ்ந்தவர் திரும்பி வந்திலர். சதுக்கத்தின் வண்ணத்தையும் முரானோவின் அமைதியையும் ஒருங்கே கண்டு வருபவரே வார்சோவைக் கண்டவராவர்.